பதினெட்டால் பெருக்கு

டொங்காட் ஆலையின் சோதனைக்கூடத்தில்
பதினோரு வருடமாக என் வேலை இதுதான்.
லாரி லாரியாக வரும் கரும்பில் ஒரு பிடி எடுத்து
அரைத்து, பிழிந்து, வடிகட்டி
இனிப்பு எவ்வளவு என்று எழுதுவது.
கூடினால் விவசாயிக்குக் காசு கூடும்.
எண் ஏறினால் சந்தோஷப்பட்டே
பழகிய கண் என்னுடையது.

அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்,
கிளினிக்கில் சிஸ்டர் தோபிலே
விரல்நுனியில் குத்தி எடுத்ததை:
பதினொன்று புள்ளி நான்கு.
சுமாரான கரும்பு என்று நினைத்தேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
'ஷுகெலா' என்றாள் ஜூலுவில்.
எறும்புக்கும் புரியும் சொல்.

இரவு கரூருக்குப் போன் போட்டேன்.
பூங்கொடி அக்காவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை.
'எனக்கே இருநூத்தி அஞ்சு. உனக்கு வெறும் பதினொண்ணா?
இதுக்கா அழுவுற, போடி' என்று சிரித்தாள்.
அந்தச் சிரிப்பின் நிழலில்
அரைமணி நேரம் பிழைத்துக் கிடந்தேன்.
பிறகு சோதனைக்கூடத்துப் புத்தி விழித்தது.
அங்கே மில்லிகிராம், இங்கே மில்லிமோல்.
மளிகைச் சீட்டின் பின்புறம் பதினெட்டால் பெருக்கினேன்.
இருநூற்றைந்து.
அக்காவும் நானும் ஒரே எண்.

பதினெட்டு, பெருக்கு.
ஆடியில் காவிரிக்கரையில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு
சித்திரான்னம் தின்ற எங்கள் இருவருக்கும்
இந்த வருடம் வெள்ளம் உள்ளே வந்திருக்கிறது.

ஆலையிலிருந்து நாலு வரைபடத்தாள் கொண்டுவந்தேன்,
கேட்காமல்தான்.
வெறும் வயிற்றில் ஒன்பது புள்ளி ஒன்று.
ராத்திரி தயிர்கூடத் தொடவில்லையே என்று
சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன்.
நீ தூங்கும்போது ஈரல் தன் கிடங்கைத் திறக்கும் என்றாள்.
எல்லோருக்கும் திறக்கும்.
உனக்கு மூடுகிற சாவி துருப்பிடித்திருக்கிறது.

கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிய பன்னி சௌ,
இரண்டு மணி நேரம் கழித்து: பதினான்கு புள்ளி ஆறு.
மறுவாரம் கறி முழுக்க, ரொட்டியில் மூடி மட்டும்: ஒன்பது புள்ளி எட்டு.
ஃபுத்து என்பது இவர்கள் சோளமாவுச் சாப்பாடு,
பெயரைக் கேட்டால் நம் புட்டுக்குச் சொந்தம் போலிருக்கும்.
சொந்தக்காரர்கள் மாதிரியே
பதின்மூன்றுக்கு ஏற்றிவிட்டுத்தான் போனது.
அதே ஃபுத்து, அதே கிண்ணம்,
தின்ற கையோடு கரும்புக்காட்டு ஓரம்
இருபது நிமிடம் நடந்தேன்: எட்டு புள்ளி ஏழு.
நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தேன்.
தொழில் அப்படி.

இவை அன்றன்றைய லாரிகள்.
மூன்று மாதக் கணக்கு வேறே இருக்கிறது.
சிவப்பணுக்கள் இனிப்பில் ஊறி ஊறி
தம்மேலேயே எழுதிக்கொள்வது.
கிளினிக்குப் போகும் முந்தின நாள் பட்டினி கிடந்தாலும்
அந்தக் குமாஸ்தாவை ஏமாற்ற முடியாது.
என்னுடையது எட்டு புள்ளி இரண்டு சதவீதம்.
பருவம் முழுக்க மழை பெய்திருக்கிறது,
நான் குடையைக்கூடத் தேடவில்லை.

நேற்று ஷிப்ட் நடுவில், அறையின் மூலையில்,
அவசரமாகக் குத்திக்கொண்டேன்.
இருபத்தொன்று புள்ளி ஏழு.
காது அடைத்தது. பெருக்கக்கூடத் தோன்றவில்லை.
கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
கரும்பு வெட்டக் கூலியாய் வந்தவர்களின் ஊரில்,
அளக்கக் கூலி வாங்கும் நான்,
ஒரு வாய் தின்னாமலே முடிந்துவிடுவேனா?

அப்போதுதான் போன் அடித்தது.
பென்னி முனுசாமி, மூன்றாம் மைல் வயல்.
'என் கரும்பு என்ன ஆச்சு?'
பதில் சொல்ல வாயெடுத்தவள்
ரிசீவரிலிருந்து விரலைப் பிரித்தேன்.
ஒட்டிக்கொண்டு வந்தது.

சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்தேன்.
வேறு விரல், வேறு பட்டை.
எட்டு புள்ளி நான்கு.

'நல்லா இருக்கு பென்னி,' என்றேன்,
'ரொம்ப நல்லா இருக்கு.
கொஞ்சம் என் கையிலேயே இருந்தது.'
அவனுக்குப் புரியவில்லை.
வெளியே எங்கோ வயல் கொளுத்தியிருந்தார்கள்,
கறுப்புச் சாம்பல்
ஜன்னல் கண்ணாடியில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.